மூன்று தூக்கம்

அத்தியாயம் 9

போன வாரம் நெரிடா தன் கணவனிடம் ஃபோனில் ‘சரி’ என்று சொன்னாளே, அந்தச் சரியை நீங்கள் யாரும் நம்பியிருக்க மாட்டீர்கள். லாக்லன் நம்பிவிட்டான். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், இரும்புச் சுரங்கத்தில், ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவனுக்கு எல்லாச் சரியும் ஒன்று போலத்தான் கேட்கும்.

இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு. ஆறு வருடமாக இப்படித்தான் பறந்துகொண்டிருக்கிறான். மேற்கு ஆஸ்திரேலியாவில் கடலோர ஊரான மாண்டுராவில், எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் இப்படித்தான். இப்போது அவனுக்கு மேற்பார்வையாளர் பதவி வந்திருக்கிறது. ஏற்றுக்கொண்டால் நான்கு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. இரண்டு வருடத்துக்கு. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் கேட்டது இதுதான்: “எடுத்துக்கட்டுமா நெரி? உன்னால சமாளிக்க முடியும்ல?”

“முடியும். சரி.”

“அப்பாடா. இன்னும் மூணு தூக்கம்தான். வந்துடறேன்.”

மூன்று தூக்கம். சனி, ஞாயிறு, திங்கள் என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். சமையலறைக் காலண்டரிலும் செவ்வாய்தான் வட்டம் போட்டிருந்தது. செவ்வாய் பதினொன்றரைக்கு விமானம் இறங்கும். நேரில் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்லத் தைரியம் வரும். அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டு வேண்டாமென்று சொல்ல அதன்பிறகும் அரை நாள் மிச்சமிருக்கும்.

இன்று செவ்வாய்.

காலை ஆறரைக்கே வெயில் ஜன்னலில் வந்து நின்றுவிட்டது. பிப்ரவரி இங்கே உச்சகோடை, யாருக்கும் இரக்கம் காட்டாது. நெரிடா துணி துவைக்கும் மெஷினுக்கும் சமையல் மேடைக்கும் நடுவில், கையில் மகன் ரோரியின் ஒற்றை சாக்ஸுடன் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

மெஷினைப் போட வேண்டும். அதனுள்ளே நேற்றுப் போட்டு எடுக்க மறந்த துணி நாறிக்கொண்டிருக்கிறது. அதை மறுபடி அலச வேண்டும். அலசினால் ஹேசல் நாளைக்குப் போட வேண்டிய ஸ்கூல் சட்டையைத் துவைக்க நேரமிருக்காது. ஸ்கூல் என்றதும் நீச்சல் வகுப்புப் படிவம் ஞாபகம் வந்தது. படிவத்தில் டாக்டர் பெயர் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் என்றதும் ரோரியின் ஊசி. ஒரு வேலை நினைவுக்கு வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும், அதன் வாலில் இன்னும் நாலு. எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் கடைசியில் எதையும் தொடுவதில்லை. கைகள் மரத்துப்போகும். நெஞ்சுக்குள் யாரோ மாவு பிசைவார்கள்.

கூரையில் புகை அலாரம் ‘கீச்’ என்றது. பேட்டரி தீர்ந்து ஒன்பது நாளாகிறது. நிமிடத்துக்கு ஒரு கீச். ஏணி வைத்து ஏறுவது லாக்லனின் வேலை.

“அம்மா, ரோரிக்கு டப்பா கட்டிட்டேன்,” என்றாள் ஹேசல். எட்டு வயது. தம்பிக்கு நான்கு. “சாண்ட்விச்சுல வெஜிமைட் மட்டும்தான் தடவினேன். வெண்ணெய் தீந்துபோச்சு. லிஸ்டுல எழுதவா?”

“எழுதாத,” என்றாள் நெரிடா. சொன்ன வேகத்தில் குழந்தை ஒரு அடி பின்னால் போனது. “இல்லடா கண்ணு. நான் எழுதிக்கறேன். நீ போய் ஷூ போடு.”

எட்டு வயதுக் குழந்தை தம்பிக்கு டப்பா கட்டுகிறது. அந்த எண்ணமும் நெஞ்சுக்குள் போய் மாவோடு சேர்ந்துகொண்டது.

அவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன். லாக்லன் உதவி செய்யக்கூட வேண்டாம். சமையலறையில் அவள் அப்படியும் இப்படியும் நடக்கும்போது குறுக்கே நின்று, ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு, “சீஸ் எங்கே?” என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அவன் வீட்டிலிருக்கும் ஏழு நாளில் முதல் நாள் தூங்கியே போகும். கடைசி இரண்டு நாள் உடம்பு இங்கேயும் மனசு பையைக் கட்டுவதிலுமாக இருப்பான். நடுவில் நாலு நாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நாலு நாள் அவளுக்குப் புருஷன் இருந்தான். இனி அது ஐந்து வாரத்துக்கு ஒரு முறை.

கொசுவலைக் கதவு படாரென்று அடித்தது. வருவது யார் என்று பார்க்கவே வேண்டாம். கதவை அப்படி அடிப்பவள் லாக்லனின் அக்கா கெயிலீன் ஒருத்திதான்.

“இன்னும் கிளம்பலையா? ஹேசலை ஸ்கூல்ல விடணும்னு நான் கேண்டீனுக்கு லேட்டா வர்றதா சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“இன்னைக்கு அனுப்பல, கெயிலீன். ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“அடேயப்பா! ஆறு வருஷமா பஸ் பிடிச்சு வர்றவனுக்கு இன்னைக்கு மட்டும் ராஜமரியாதையா? என்ன, தலையில கொம்பு முளைச்சுடுச்சா எங்க தம்பிக்கு?” என்று கேட்டபடி வடிகட்டித் தட்டிலிருந்த கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். கெயிலீனுக்கு வாயும் கையும் ஒன்றாகத்தான் ஓடும். துடைத்துக்கொண்டே ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த லிஸ்டைப் படித்தாள். “நாய்க்குப் பூச்சி மாத்திரை... ஹேசல் நீச்சல் படிவம்... மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டி... முப்பத்தேழு வேலையா! பத்தொன்பதாவது என்ன இது, ‘மூச்சு விடு’? மூச்சு விடறதுக்குமா லிஸ்டு?”

நெரிடாவின் முகம் சிவந்தது. “டாக்டர் எழுதச் சொன்னாங்க.”

கெயிலீனின் கை நின்றது. “எந்த டாக்டர்? எப்ப போன?”

“ஜனவரில. ரெண்டு வாட்டி. படபடப்புன்னு சொன்னாங்க. மாத்திரை குடுத்திருக்காங்க, பேசறதுக்கு ஒருத்தங்ககிட்ட அனுப்பறேன்னாங்க. நான் இன்னும் ஃபோன் பண்ணல. அதுவும் லிஸ்டுலதான் இருக்கு.”

“லாக்கிக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீ சொல்லிடாத.”

“நான் எதுக்குச் சொல்றேன்? என் வாய் என்ன வானொலியா?” என்றாள் கெயிலீன். ஊரே சிரிக்கும் இதைக் கேட்டால். ஆனால் அவள் சிரிக்கவில்லை. கோப்பையை அலமாரியில் வைத்தாள். “என் புருஷன் ட்ரெவ்வும் பதினோரு வருஷம் பறந்தான். எப்ப ஃபோன் பண்ணினாலும் எல்லாம் நல்லா இருக்குன்னே சொன்னேன். எல்லாம் நல்லா இருக்கிற வீட்டுக்கு நாம எதுக்குன்னு அவன் நினைச்சுட்டான் போல. இப்ப பன்பரில வேற ஒருத்தி வீட்டுல ஏணி ஏறிட்டிருக்கான்.”

அலாரம் கீச் என்றது.

“கிளம்பு,” என்றாள் கெயிலீன். “இந்தத் துணியை நான் பாத்துக்கறேன். நாறுது.”

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பின்சீட்டில் ரோரி ஜூஸைக் கொட்டினான். ஹேசல் தன் தொப்பியாலேயே அதைத் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொண்டாள். நெரிடா ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ‘லாக்கி, அந்த வேலை வேண்டாம். என்னால முடியல.’ அவ்வளவுதான். எட்டாவது முறை சொன்னபோது தடுமாறாமல் வந்தது. கார் நிறுத்தும் இடத்தில், பையை ஏற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

அவனைப் பார்க்கப்போகிறோம் என்ற நினைப்பே அவளைப் பாதி தேற்றியிருந்தது. கழுத்தில் கை போட்டுச் சும்மா நிற்க வேண்டும். எவ்வளவு குளித்தாலும் போகாத அந்தச் செம்மண் வாசனை வேண்டும். கண்ணாடியில் பார்த்து உதட்டுக்குச் சாயம்கூடப் பூசிக்கொண்டாள். மூன்று மாதமாக அந்தக் குழாயை அவள் திறக்கவே இல்லை.

விமானம் நேரத்துக்கு இறங்கியது. கண்ணாடிக் கதவு திறந்து மூட, ஆரஞ்சுச் சட்டைகள் வெளியே கொட்டின. பளபளக்கும் பட்டை, முதுகுப் பை, கையில் பூட்ஸ். எல்லோரும் ஒரே சட்டை, ஒரே தாடி. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் ரோரி “அப்பா!” என்று கத்தினான். ஒவ்வொரு முறையும் வேறு யாருடைய அப்பாவோ வந்தார். சிலர் அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

கூட்டம் குறைந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு துடைப்பம் வைத்த ஒரு பெண் மட்டும் வந்தாள்.

“நெரிடா தானே? லாக்கி பொண்டாட்டி?”

மிக். லாக்லனோடு முன்பு ஒரே குழுவில் இருந்தவர், ஐம்பது வயதுக்காரர், இரண்டு கிறிஸ்துமஸ் விருந்துகளில் பார்த்த பழக்கம். அவர் மனைவி பக்கத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“லாக்கி எங்கே மிக்? பையை எடுக்கறானா?”

“லாக்கியா? அவன் நாளைக்குத்தானேம்மா. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி புயல் வந்துச்சே, எங்க குழு அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. அவன் போன விமானம்தான் ஒரு நாள் தள்ளிப்போச்சே. அந்த ஒரு நாளைக் கடைசியில சேத்து வாங்கிட்டுத்தான் விடுவானுங்க.”

“மூணு தூக்கம்னு சொன்னானே. சனிக்கிழமை சாயங்காலம் சொன்னான்.”

மிக் ஒரு வினாடி யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “ஐயோ, நைட் ஷிஃப்டுக்காரன் கணக்கும்மா அது! அவன் சனிக்கிழமை தூங்கி எழுந்து உனக்குப் ஃபோன் பண்ணியிருக்கான். அடுத்தது ஞாயித்துக்கிழமை பகல், திங்கக்கிழமை பகல், இந்தா, இன்னைக்குப் பகல். மூணாவது தூக்கம் இப்பத்தான் தூங்கிட்டிருக்கான். இன்னைக்கு ராத்திரி கடைசி ஷிஃப்ட், நாளைக்கு விமானம். எங்க வீட்டுலயும் ஒரு தடவை இதே கூத்துதான். இவ கேக்கெல்லாம் செஞ்சு வச்சுட்டா.”

மிக்கின் மனைவியும் சிரித்தாள். நெரிடாவும் சிரிக்கப் பார்த்தாள். வாய் மட்டும் அதற்கான வடிவத்துக்குப் போனது.

நாளைக்கு வருகிறான். பதில் இன்றைக்கு. அவன் நாலரைக்கு எழுந்து, ஷிஃப்டுக்குப் போகிற வழியில் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிவிடுவான். அவள் சொன்ன ‘சரி’யை நம்பி.

தரை ஒரு பக்கம் சாய்ந்தது. கால் விரல்கள் மரத்தன, பிறகு உதடு மரத்தது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கைக்குக் கிடைக்க, அதில் உட்கார்ந்தாள். மூச்சு மேலே மட்டும் ஏறியது, கீழே இறங்க மறுத்தது. செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். குழந்தைகள் பார்க்கிறார்களே, இவர்களை யார் காரில் கூட்டிப்போவார்கள், ரோரிக்கு சாப்பாடு டப்பா காரில்தானே இருக்கிறது என்றும் நினைத்தாள். சாகும்போதும் லிஸ்டு விடவில்லை.

“அம்மா,” ஹேசல் அவள் முன்னால் மண்டி போட்டிருந்தாள். “என்னைப் பாரு. என் கூட எண்ணு. ஒண்ணு. ரெண்டு. பாத்ரூம்ல நீ எண்ணுவியே, அந்த மாதிரி.”

கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு எண்ணியதெல்லாம் இந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. நெரிடா எண்ணினாள். முப்பதுக்குப் பக்கத்தில் மூச்சு கீழே இறங்கியது. கூடவே கண்ணீரும் வந்தது.

மிக் தண்ணீர் வாங்கி வந்திருந்தார். இப்போது சிரிக்கவில்லை. “நாங்க கூட வரட்டுமா? வீடு வரைக்கும் நான் ஓட்டறேன்.”

“வேண்டாம் மிக். நீங்க போங்க. நான் அவனுக்குப் ஃபோன் பண்ணிக்கறேன்.”

“சாயங்காலமா பண்ணும்மா,” என்றார் அவர், தயங்கித்தான். “இப்ப எழுப்பிடாத. உனக்குத் தெரியாததா?”

தெரியும். சுரங்கத்துக்காரன் பெண்டாட்டிக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே அதுதான். ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவனைப் பகலில் எழுப்பக் கூடாது. வீட்டளவு லாரியை இருட்டில் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவன் அவன். கண் ஒரு நொடி சொருகினால் போதும். குழாய் உடைந்தாலும், நாய் செத்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்று மூன்று போனாலும் சாயங்காலம் வரை காத்திருப்பார்கள். ஹேசல் கையை உடைத்துக்கொண்ட அன்றுகூட நெரிடா மாவுக்கட்டெல்லாம் போட்டு முடித்துவிட்டு ஐந்து மணிக்குத்தான் கூப்பிட்டாள். எவ்வளவு கெட்டிக்காரி என்று அவனும் மெச்சிக்கொண்டான். ஆறு வருடத்தில் ஒரு முறைகூட அந்த வழக்கத்தை அவள் மீறியதில்லை.

கார் அடுப்பாகியிருந்தது. கதவுகளைத் திறந்துவைத்து, ஏசியைப் போட்டு, குழந்தைகளின் மடியில் டப்பாக்களைத் திறந்து கொடுத்தாள். மணி பன்னிரண்டேகால். சாயங்காலம் நாலரைக்கு அவன் எழுந்ததும் பேசலாம்தான். ஆனால் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அந்த அரைமணி நேரத்தில், “ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்” என்பதைத் தவிர அவள் வாயில் எதுவும் வராது. அது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

அவன் மொபைலைக் கூப்பிட்டாள். அணைத்துவைத்திருந்தான், எதிர்பார்த்ததுதான். சுரங்கத்துக்காரர்கள் தங்கும் முகாமின் அலுவலக எண் இருந்தது. அதை அழுத்தினாள்.

“முகாம் வரவேற்பு. சொல்லுங்க,” என்றது ஒரு பெண் குரல்.

“லாக்லன் ஃபேர்ஹால். டி வரிசை, நாற்பத்தொண்ணாம் நம்பர் அறை. நான் அவர் மனைவி. அவரை எழுப்பணும்.”

கீபோர்டு தட்டும் சத்தம். “அவர் நைட் ஷிஃப்ட்டும்மா. கதவுல தூங்கறதா அட்டை தொங்கும். அவசரம்னா மட்டும்தான் நாங்க தட்டுவோம். அவசரமா?”

நெரிடா கண்ணாடியில் பார்த்தாள். ரோரி வெஜிமைட் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். ஹேசல் சாப்பிடவில்லை. அம்மாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவசரம்தான்,” என்றாள் நெரிடா.

“குழந்தைங்களுக்கு ஏதாவதா?”

“இல்ல. எனக்கு.”

“நானே போய்த் தட்டறேன், கண்ணு. ஃபோனைக் கையிலயே வச்சிருங்க,” என்றாள் அந்தப் பெண்.

ஏழு நிமிடம் கழித்து மணி அடித்தது.

“நெரி! என்ன ஆச்சு? பசங்க எங்கே?” தூக்கத்தில் கரகரத்த குரல், பயத்தில் உயர்ந்த குரல். அதைக் கேட்டதும் ஓடிப்போய் அதற்குள் புகுந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

“பசங்க நல்லா இருக்காங்க. பின்னாடி உக்காந்து சாப்பிடறாங்க. நான் ஏர்போர்ட்ல இருக்கேன். நீ இன்னைக்கு வர்றதா நினைச்சு வந்துட்டேன்.”

“ஐயோ... மூணு தூக்கம்னு நான்... அதுக்கா எழுப்பின?”

“இல்ல.” எட்டு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. வந்ததைச் சொன்னாள். “லாக்கி, நான் நல்லா இல்ல. ரொம்ப நாளா நல்லா இல்ல. காலைல எழுந்தா ஒரு சாக்ஸைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் நிக்கறேன். டாக்டர்கிட்டப் போனேன், உன்கிட்டச் சொல்லல. இப்ப இங்க எல்லாரும் பாக்க மூச்சு விட முடியாம உக்காந்துட்டேன். உன் பொண்ணுதான் எண்ணிக் குடுத்தா. சனிக்கிழமை நான் சரின்னு சொன்னது பொய். அந்த வேலை வேண்டாம். நாலு வாரம் என்னால முடியாது. ரெண்டு வாரமே முடியல. நீ எனக்கு வேணும்.”

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பெட்டி போன்ற ஒற்றை அறை, ஜன்னலில் வெளிச்சம் வராமல் ஒட்டிய வெள்ளித்தாள். படுக்கையின் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“லாக்கி?”

“நெரி... நான் காலைலயே குடுத்துட்டேன்.” குரல் இறங்கியிருந்தது. “ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்பவே. கையெழுத்துப் போட்டு மேலதிகாரி மேஜைத் தட்டுல வச்சுட்டுத்தான் வந்து படுத்தேன். நீ சரின்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“இப்ப என்ன பண்றது?”

“அவர் பாத்துட்டாரா?”

“தெரியல. காலைல ஆள் இல்ல. மத்தியானம்தான் வருவாருன்னாங்க.”

வேறொரு நாளாக இருந்தால் இந்த இடத்தில் ‘பரவாயில்ல, விடு, தூங்கு’ என்று அவளே முடித்துவைத்திருப்பாள்.

“அப்ப போய் எடு,” என்றாள் நெரிடா.

“இப்பவா?”

“இப்பதான்.”

எதையோ இழுக்கும் சத்தம், தரையில் ஏதோ மோதும் சத்தம். அது என்னவென்று அவளுக்கு ஒரு வினாடி கழித்துப் புரிந்தது. பூட்ஸ் போடுகிறான்.

“வச்சுடாத,” என்றான் லாக்லன். “பேசிட்டே இரு. எதையாவது பேசு.”

கதவு திறந்தது. சரளைக் கல்லில் வேகமாக நடக்கும் காலடிகள் கேட்டன, பிறகு ஓடும் காலடிகள். நெரிடா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசினாள். வெண்ணெய் தீர்ந்துபோனதைச் சொன்னாள், அவன் அக்கா கோப்பை துடைத்ததைச் சொன்னாள், ரோரி ஒவ்வொரு ஆரஞ்சுச் சட்டையையும் பார்த்து அப்பா என்று கத்தியதைச் சொன்னாள். அவன் மூச்சிரைப்பு அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு காலடிகள் நின்றன. ஒரு கதவைத் தட்டினான்.

“உள்ள வா,” என்றது ஒரு ஆண் குரல், தெளிவாக. “லாக்கியா? தூங்காம என்ன பண்ற? இப்பத்தான் உன் பேப்பரைக் கையில எடுத்தேன்.”